கருந்தீர்த்தம் குடித்த சாமி

தோணிரேவில் அந்த மாதம் ஏரியைவிடக் கீற்றுப் பந்தலில்தான் கூட்டம். வலைகள் கரையில் காய்ந்தன. ஒல்லாந்தர் கோட்டைக்கு மீன் வரவில்லை என்று ஆள் மேல் ஆள் வந்து கத்திவிட்டுப் போனான். யார் கேட்டார்கள்? ஒருமுகச் சித்தர் வந்திருக்கும்போது கோட்டையாவது, கொத்தளமாவது!

சித்தர் இமயமலையிலிருந்து நேராக வந்தவர். பேச்சில் மட்டும் கொஞ்சம் நாகப்பட்டினம் வாடை அடித்தது. துறுதுறுவென்று திரியும் பிள்ளைகளின் தலைக்குள் தும்பிப் பிசாசு புகுந்திருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அடையாளம் மூன்று: கை நிற்காது, கால் நிற்காது, வாய் நிற்காது. இப்படி இல்லாத பிள்ளை உலகத்தில் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். தோணிரேவில் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிசாசு பிடித்திருந்தது.

மருந்து, கருந்தீர்த்தம். பானையில் கொதிக்கும் கறுப்புத் தண்ணீர். காலையில் ஒரு மொந்தை, மாலையில் ஒரு மொந்தை. காணிக்கை, பிள்ளைக்கு ஒரு கொடுவா மீன்; அதற்கு மட்டும் தோணி இறங்கும். அதைச் சித்தர் குழம்பு வைத்துத் தின்றால்தான் பிசாசு இறங்குமாம். தின்றதும் சமாதியில் ஆழ்வார். சமாதி என்றால் குறட்டை. அந்தக் குறட்டைக்குள்தான் தேவி வந்து பேசுவாள்.

தீர்த்தம் வேலை செய்யாமலும் இல்லை. பிள்ளைகள் விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் நாட்டார் உலகநாதன் உருகிப்போனார்.

"பாத்தியா, ஆடாம அசையாம குந்திக்கினு கீதுங்க!"

பச்சையம்மாவின் எட்டு வயது மகள் கோவிந்தம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் தோணி முனையில் நின்று நாலு பக்கமும் பார்ப்பாள். "நைனா, அங்க மடவை துள்ளுது!" என்று அவள் கை காட்டிய பக்கம் அப்பன் பொன்னுரங்கம் வலை வீசினால் வெறும் வலை வந்ததில்லை. இப்போது நாள் முழுக்க ஒரே நண்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனுக்குப் பெருமை. ஆத்தாளுக்குப் பயம். பிள்ளை சோற்றைத் தொடுவதில்லை, கண் மூடுவதில்லை. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்தது.

பச்சையம்மா பந்தலுக்கு வந்தாள்.

"இன்னா சாமி, இதுல இன்னா போட்டுக் கீற?"

"தேவ ரகசியம், தாயே."

"எம்பொண்ணு துன்றதில்ல, தூங்குறதில்ல. வளர்ற புள்ள சாமி. மண்டைக்குள்ள போய் இன்னா பண்ணுது இது?"

"பட்டினி கிடப்பது பிசாசு. விழித்திருப்பதும் பிசாசு. பிசாசு இல்லாத உடம்பில் இந்தத் தீர்த்தம் வெறும் தண்ணீர்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பச்சையம்மா போடவில்லை.

"உன் உடம்புல பிசாசு கீதா சாமி?"

"என்னிடமா? கிட்ட வருமா அது?"

"அப்போ இந்தப் பானைய நீ குடி. வெறும் தண்ணிதானே? குடிச்சிட்டு எப்பவும் போல சமாதிக்குப் போ. தேவி வந்து பேசினா நானே காணிக்கை வெக்கிறேன்."

சித்தர் வழி பார்த்தார். வழியெல்லாம் பக்தர்கள். உலகநாதனே பானையைத் தூக்கி, பயபக்தியோடு நீட்டினார். குடிக்காமல் என்ன செய்வார்? குடித்தார்.

குழம்பு வந்தது. தொடவில்லை. படுத்தார், புரண்டார், எழுந்தார். பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விரல் நடுங்கியது. இமயமலை, தேவி, கொடுவா, மாமியார் என்று வாய் தன் பாட்டுக்கு ஓடியது.

பச்சையம்மா விரல் மடக்கினாள். "கை நிக்கல. கால் நிக்கல. வாய் நிக்கல. ஐயோ நாட்டாரே, சாமியையே தும்பிப் பிசாசு புடிச்சிக்கிச்சு! இன்னொரு பானை காய்ச்சுங்க!"

உலகநாதன் நிஜமாகவே அடுப்பு மூட்டப் போனார். பொன்னுரங்கம் சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்! நெஞ்சு வெடிச்சிடும்!" சித்தர் அலறினார். "பிசாசும் இல்ல, தீர்த்தமும் இல்ல! கப்பல்ல வர்ற காப்பிக் கொட்டைங்க! தூக்கம் வராம இருக்கக் குடிக்கிறது! மொந்தையில புள்ளைங்க சோர்ந்து மெரண்டு குந்தும், பானை குடிச்சா ஆளையே ஆட்டிடும்! என் பேரு செங்கல்வராயன், ஊரு நாகப்பட்டினம், தேவி ஒரு நாளும் வந்ததில்ல, கொஞ்சம் மோர் குடுங்க!"

கேட்காததையும் சொன்னார். பச்சையம்மா மோர் கொடுத்தாள். பேச்சு நிற்கட்டுமே என்றுதான்.

"தடி ஆளு உனக்கே இந்தப் பாடு. எட்டு வயசு மண்டை இன்னாத்துக்கு ஆவும்?"

"குந்திக்கினு இருந்திச்சே, கொணமாயிட்டுதுன்னு நெனச்சேன்," என்று முனகினான் பொன்னுரங்கம்.

"குந்திக்கினு இருந்தா கொணமா? கருவாடும்தான் அசையாம கெடக்குது!"

பொன்னுரங்கம் கரையில் காயும் வலையை எடுக்கப் போனான்.

மனம் ஓரிடத்தில் நிற்காமல் நிஜமாகவே தவிக்கும் பிள்ளையும் உண்டு. அதற்கு வைத்தியம் வேண்டாமென்று பச்சையம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என்ன மருந்து, எவ்வளவு, உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் சொல்கிறவன் வைத்தியன். கேட்டால் ரகசியம் என்கிறவனுக்கு வேறு பேர்.

கோவிந்தம்மா தூங்கினாள், எழுந்து வட்டில் நிறையச் சோறு தின்றாள், மறுபடி தோணி முனையில் குதிக்கிறாள். பக்கத்து ஊர் திருப்பாலைவனத்துக்கு இப்போது ஒரு வெண்தீர்த்தச் சித்தர் வந்திருக்கிறாராம். உலகநாதன் கொடுவாவோடு கிளம்பிவிட்டார். இடம் தேடுகிற பிசாசு பிள்ளைகளின் தலைக்குள் ஏன் போய் நெருக்கியடிக்க வேண்டும்? யோசிக்காத பெரியவர்களின் தலைதான் காலியாகக் கிடக்கிறதே!