காற்றுக்குக் கோடு போட்ட அண்ணாச்சி

நிலத்துக்குப் பட்டா கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காற்றுக்கே பட்டா போட்டுக் கொடுத்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சுண்ணாம்பு அண்ணாச்சி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. வல்லம் வடகாலில் நெல் விளைந்த இடத்தில் புதிதாக ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய், கேட்டில் நின்று லாரிகளை உள்ளே அனுப்புவது என் வேலை. டிரெயினிதான். எந்த நிமிடமும் வீட்டுக்கு அனுப்பப்படக்கூடிய ஜாதி.

எங்களிடம் ஆறு வாக்கிடாக்கிகள் இருந்தன. பேசுவதற்குச் சேனல் இரண்டுதான். பேச வேண்டிய கூட்டமோ மூன்று: முன்னால் கேட், நடுவில் ஸ்டோர், பின்னால் கிரேன். ஒருவன் பட்டனை அழுத்திப் பேசினால் அந்தச் சேனலில் மற்றவன் குரல் எடுபடாது. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, அவனைவிடச் சத்தமாகக் கத்துவது.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வாக்கிடாக்கி செட்டுகளைப் பார்த்துக்கொள்ள அண்ணாச்சி வந்து சேர்ந்தார். வயது முப்பதுதான் இருக்கும். ஆனால் முகத்தில் ஐம்பது வருடக் கவலை. வந்ததும் ஒரு செட்டை செக்யூரிட்டி கழுத்தில் மாட்டிவிட்டு, இன்னொன்றோடு மூன்று நாள் வளாகத்தைச் சுற்றினார். பத்தடிக்கு ஒரு தடவை "கேக்கா? இப்பக் கேக்கா?" என்பார். மூன்றாம் நாள் செக்யூரிட்டி தூக்கத்திலும் "கேக்குது சார்" என்று சொன்னதாகக் கேள்வி.

நான்காம் நாள் தீர்ப்பு வந்தது. கேட்டும் கிரேனும் ஆளுக்கொரு கோடியில் இருக்கின்றன. செட்டின் பவரைக் குறைத்து வைத்தால் இங்கே பேசுவது அங்கே எட்டாது. ஆகவே ஒன்றாம் சேனலை இருவருமே வைத்துக்கொள்ளலாம். நடுவிலுள்ள ஸ்டோருக்கு இரண்டாம் சேனல். யார் குரல் எதுவரை போகலாம் என்று அண்ணாச்சி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். காலையில் போய்ப் பார்த்தால் தொழிற்சாலை கபடி மைதானமாகக் கிடந்தது.

செட்டோடு எவனாவது கோட்டைத் தாண்டினால் எங்கிருந்தோ அண்ணாச்சி முளைப்பார். ஒருநாள் மேனேஜரே பேசிக்கொண்டு தாண்டிவிட்டார். அண்ணாச்சி அவர் முழங்கையைப் பிடித்துப் பின்னால் நடத்திக்கொண்டு போய் நிறுத்தி, "சார், இங்க நின்னு அதிகாரம் பண்ணுங்க" என்றார்.

கிரேனுக்குத் தனிச் சட்டம். மெஷினை இறக்கும்போது கீழே நிற்பவன் பஸ் கண்டக்டர் மாதிரி "வரலாம், வரலாம்" என்று விடாமல் சொல்ல வேண்டும். அந்தக் குரல் நின்றுபோனால் ஆபரேட்டர் மூன்று எண்ணிவிட்டு நிறுத்திவிட வேண்டும். தாலாட்டுப் பாடினால்தான் மெஷின் இறங்குமா என்று நாங்கள் சிரிக்காத நாளில்லை.

அன்று பெரிய பிரஸ் மெஷினைக் குழியில் இறக்கினார்கள். குழிக்குள் என் சிநேகிதன், பென்னலூர் செல்வம். சுவர் மறைத்ததால் ஆபரேட்டருக்கு அவன் தெரியவில்லை. அவன் குரல்தான் கண். எனக்கோ டீ நேரம். செட்டைப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, அண்ணாச்சி இல்லாத தைரியத்தில் கோட்டைத் தாண்டி, கிரேன் பக்கத்து வேப்பமரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

பட்டன் அமுங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. அங்கே டீ கொண்டுவந்த கேன்டீன் ஆட்களுக்கு அண்ணாச்சி மாதிரியே பேசிக்காட்டினேன். கோயிலுக்குப் போனாலும் சாமிக்கு ஒரு சேனல், பூசாரிக்கு ஒரு சேனல் பிரிப்பார் என்றேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதே நேரம் குழிக்குள் மெஷினின் கால் செல்வத்தின் கையை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. கை ஒரு இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. "நிறுத்து, நிறுத்து" என்று செட்டில் கத்துகிறான். சேனல் முழுக்க நான்தான் இருக்கிறேன்.

நல்லவேளை, கிரேன் நின்றது. செல்வத்தின் கைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி.

"'வரலாம்' போயி எவனோ கோயில் கதை பேசிக்கினு கீறான். அண்ணாச்சி சொன்னாரேன்னு மூணு எண்ணி நிறுத்திட்டேன்பா" என்றார் ஆபரேட்டர்.

தன் செட்டில் என் குரலைக் கேட்ட அண்ணாச்சி ஓடி வந்து என் பாக்கெட்டிலிருந்து செட்டை உருவினார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. குழிக்கு ஓடினேன். செல்வம் மேலே ஏறி வந்து பத்து விரலையும் ஒரு தடவை எண்ணினான். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். "வுட்றா, மூச்சு முட்டுது" என்றான். அவ்வளவு இனிமையான திட்டை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

மேனேஜர் வந்து, கோட்டைத் தாண்டியவன் யார் என்று கேட்டார். என் வேலை அதோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"நேத்து மழையில கோடு அழிஞ்சிட்டு சார். நான் திரும்பப் போடல. என் தப்புதான்" என்றார் அண்ணாச்சி.

பொய். கோடு பளிச்சென்று அங்கேயே இருந்தது. அண்ணாச்சி அதன் மேல்தான் நின்றிருந்தார். எங்களை ஒரு கால் வைக்க விடாத மனிதர், பேசிக்கொண்டே இரண்டு செருப்பாலும் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "என் கொரல நல்லாத்தான் எடுக்கே. கிரேன் ஓடும்போது எடுக்காத, என்ன?"

செல்வத்துக்கு இப்போது இரண்டு பெண்கள். இரண்டுக்கும் அவன்தான் பின்னல் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புகிறான். அந்தக் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், அண்ணாச்சி எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.