கேள்வி கேட்காத மென்பொருள்

தீயையும் சக்கரத்தையும் யார் யாரோ முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார்கள். பயனரிடம் தப்பித்தவறிக்கூட ‘பிழை’ என்று சொல்லாத மென்பொருளைப் படைக்கும் பாக்கியம் மட்டும் நம் குழுத்தலைவருக்கென்று மிச்சமிருந்தது.

கண் மருத்துவமனைக்கான முன்பதிவு இணையதளம் அது. நோயாளி கட்டத்தில் தட்டும் தேதி வெறும் எழுத்தாகத்தான் போய்ச் சேரும். அதைத் தேதியாகப் புரிந்துகொள்வது ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய நிரலின் வேலை. முதலில் வருவது மாதம், அடுத்தது நாள் என்று குழு ‘ஏகமனதாக’ முடிவெடுத்தது. அந்த ஏகமனதில் சேராதவள் மென்பொருள் சோதனைப் பிரிவுப் பெண் ஒருத்திதான்.

“சார், இங்க எல்லாரும் நாளைத்தான் முதல்ல போடுவாங்க. பதிமூணாம் தேதின்னு போட்டா பதிமூணாவது மாசமாயிடுமே?”

“ஆகட்டும்மா. ஜாவாவுக்குப் பெரிய மனசு. அடுத்த வருஷம் ஜனவரின்னு எடுத்துக்கும்.”

“‘புரியல, சரியாப் போடுங்க’ன்னு திருப்பிக் கேட்டுடலாமே சார்?”

கூட்ட அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பயனரைக் கேள்வி கேட்பதா! குழுத்தலைவர் பெருந்தன்மையோடு அவளை மன்னித்தார். ‘பிழையே இல்லாத தளம்’ என்று பொறித்த கேடயம் அந்த மாதமே அவர் மேசையில் ஏறி உட்கார்ந்தது.

அந்த மகத்தான தளத்தில்தான், ஜூன் மாதத்தில், குழுத்தலைவர் தன் அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்கு ஆகஸ்ட் ஏழாம் தேதியைப் பதிவு செய்தார். தான் போட்ட சட்டம் தனக்கே மறந்துபோய், பழக்கத்தில் கை 07/08 என்று அடித்தது. ‘07/08 உறுதி’ என்று செய்தியும் வந்தது. அன்றிலிருந்து அப்பா சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆகஸ்ட் ஏழு. வரவேற்பு மேசைப் பெண் திரையைப் பார்த்தாள்.

“இவருக்கு ஜூலை எட்டுல்ல சார் ஆபரேஷன்? நீங்க வரவே இல்லன்னு ரத்து பண்ணிட்டாங்க. இனி ஜனவரியிலதான் இடம் இருக்கு.”

“ஜனவரியா! உங்க சிஸ்டத்துலதாங்க ஏதோ தப்பு!”

“எங்க சிஸ்டத்துலயா? சான்ஸே இல்ல சார். வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட பிழைன்னு சொன்னதில்லையே!”

குழுத்தலைவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் மாதமான கதையைச் சொல்லி முடித்தார். அப்பா அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“எனக்குக் கண்ணு மங்கல். எதிர்ல வர்றது யாருன்னு தெரியலன்னா, ‘யாருப்பா அது’ன்னு வாயைத் தொறந்து கேட்டுடறேன். உன் மெஷினுக்கு அதைக்கூடச் சொல்லிக் குடுக்காமத்தான் கேடயம் வாங்கினியாடா?”