பத்தடி தூரத்தில் லூர்துமேரி

இயந்திரத்தால் மனிதனுக்கு நேரும் ஆபத்தை அடியோடு ஒழித்த பெருமை இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ உரியதல்ல, திண்டிவனத்துக்கு உரியது. 1946-ஆம் ஆண்டு, ஐந்து நாற்காலிகளும் ஒரு மேஜையும் கொண்ட 'டிராக்டர் பத்திரக் கமிட்டி' அதைச் சாதித்தது. பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போயிருந்ததால், அந்த ஐந்து நாற்காலிகளையும் நேரில் தரிசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

விஷயம் ஆனி மாதம் தொடங்கியது. பெரியதம்பி என்ற பெரிய நிலக்காரர், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை போடுவதற்காகத் தரிசைத் திருத்த வாடகைக்கு ஒரு டிராக்டரை வரவழைத்தார். பூஜை போட வேண்டும். அந்த வண்டிக்கு நெற்றி எது என்று யாருக்கும் விளங்கவில்லை. பின்பக்கம் தாழ்வாக இருந்த கொக்கி வளைந்து அழகாக இருந்தது. அதற்கே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அன்று முதல் அது வெறும் கொக்கி அல்ல.

டிரைவர் இருதயராஜ் யுத்தத்தில் லாரி ஓட்டித் திரும்பியவன். வேலமரத்து வேரைப் பிடுங்க, சங்கிலியை அந்தக் கொக்கியில் மாட்டப் போனான்.

"டேய், பூஜை பண்ண எடத்துல அழுக்குச் சங்கிலியை மாட்டாதே. மேல, சீட்டுகிட்ட கட்டு" என்றார் பெரியதம்பி.

"மேல கட்டி இழுத்தா மூஞ்சியைத் தூக்கிக்கும் ஆண்டே. ஆளை மல்லாத்திடும்."

"மூஞ்சியைத் தூக்க அது என்னா குதிரையா? ஜல்தியா கட்டுடா."

கட்டினான். வேர் அசையவில்லை. டிராக்டர் முன்சக்கரங்களை ஆகாயத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் சாய்ந்தது. இருதயராஜின் இடது கால் மட்கார்டுக்கு அடியில் சிக்கியது. கடப்பாரை கொண்டுவருவதா, கயிறு கொண்டுவருவதா என்று ஏழு ஆண்கள் ஆலோசனை நடத்தினார்கள். அதற்குள் பக்கத்துக் கேப்பைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி லூர்துமேரி ஓடிவந்து, மட்கார்டைப் பிடித்து ஒரு சாண் தூக்கிவிட்டாள். அவன் காலை உருவிக்கொண்டான். கால் ஒடிந்திருந்தது. அவள் அதற்குப் பிறகு எட்டு நாள் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தாள்.

சங்கிலியைக் கீழ்க் கொக்கியில் மாட்ட உத்தரவு வேண்டும் என்று கணவனும் மனைவியும் சர்க்காருக்கு ஒரு வரியில் மனுக் கொடுத்தார்கள். ஒரு வரியை ஆராய ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர் கோதண்டபாணி ஆழ்ந்த படிப்பாளி. கொக்கி ஜனங்களின் மனம் சம்பந்தப்பட்டது என்று முதல் கூட்டத்திலேயே அதை ஒதுக்கிவைத்தார். இரண்டாம் கூட்டத்தில் லூர்துமேரியை அழைத்து, வாசலில் நின்ற டிராக்டரைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அவள் பிடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"அன்னிக்கு எப்படித் தூக்கினே?"

"அன்னிக்கு அடியில எங்க வூட்டுக்காரரு இருந்தாருங்க."

தலைவர் குமாஸ்தாவிடம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். கணவன் அடியில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும்."

"அவரு அடியில போவக்கூடாதுன்னுதானுங்க மனு குடுத்துட்டு அலைஞ்சிக்கினு இருக்கோம்."

"அது வேறே விஷயம்."

மூன்றாம் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது: 'ஆபத்து வேளையில் எழும் அபார பலம்' சர்க்காருக்குச் செலவின்றிக் கிடைப்பதால், டிராக்டர் ஓடும்போதெல்லாம் டிரைவரின் மனைவி பத்தடி தூரத்தில் நிற்க வேண்டியது. பிரம்மச்சாரி டிரைவர்கள் விதைப்புக்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியது.

புரட்டாசியில் கடலூரிலிருந்து பெரிய துரை ஒருவர் இந்த ஏற்பாட்டைப் பார்க்க வந்தார். இம்முறை புளியமரத்து வேர். சங்கிலி மேலேயே கட்டப்பட்டது. பத்தடி அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டு, லூர்துமேரியை அதன்மேல் நிறுத்தினார்கள். இருதயராஜ் நொண்டிக்கொண்டே வந்து சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான்.

"எறங்கிடுய்யா" என்றாள் அவள்.

"எறங்கினா இந்த வேலையும் பூடும் மேரி. நீ கோட்டு மேலயே நில்லு."

துரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கமிட்டித் தலைவரும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் படம் பிடிக்கலாம் என்றார். கோதண்டபாணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மட்கார்டில் அமர்ந்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க" என்றாள் லூர்துமேரி. "கவுந்துச்சுன்னா எங்க வூட்டுக்காரரை நான் தூக்கிடுவேன். ஒங்களைத் தூக்க ஒங்க வூட்டு அம்மாவை வரச் சொல்லிட்டீங்களா?"

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருங்க?"

"கும்பகோணம்."

"அங்கேர்ந்து ஓடியாறதுன்னா பொழுது பூடுங்களே."

கோதண்டபாணி இறங்கினார். தம் அங்கவஸ்திரத்தாலேயே கொக்கியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் பெரியதம்பி கையில் கொடுத்தார். சங்கிலியைத் தாமே கீழ்க் கொக்கியில் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பெரியதம்பி வாயைத் திறந்தார். துரையைப் பார்த்து மூடிக்கொண்டார். டிராக்டர் கிளம்பியது. வேர் மண்ணோடு பெயர்ந்து வந்தது. முன்சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழவில்லை.

கமிட்டியின் இறுதி அறிக்கையை நான் படித்தேன். சங்கிலியைத் தாழ மாட்டினால் டிராக்டர் மல்லாந்து விழாது என்ற உண்மை, புரட்டாசி ஐந்தாம் தேதி காலை பத்து நாற்பதுக்குத் தலைவரால் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று அதில் இருக்கிறது. இருதயராஜின் கால் ஆனி மாதமே ஒடிந்துவிட்டது. உண்மை கண்டுபிடிக்கப்படும் வரை பொறுத்திராத அந்தக் காலுக்குக் கமிட்டி ஜவாப்தாரி அல்ல.