மைனஸ் மூன்று வடை

மும்பை மாநகரில் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்த ஒரே ஜீவன், எங்கள் செம்பூர் லேடீஸ் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டாக இருந்த ‘மிஷின்’தான். அவளுக்கு வேறு பெயர் உண்டு. வாட்ச்மேனுக்குக்கூட அது தெரியாது.

“மிஷின் செய்யப் போறேன்” என்று சொல்லித்தான் கால் சென்டர் வேலையை விட்டாள். என்ன மிஷின்? கம்ப்யூட்டருக்குள் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர். இரும்பு கிடையாது, மோட்டார் கிடையாது, எல்லாம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதுவது. எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், மேலே இருப்பதை முதலில் எடுக்கும், கணக்குப் போடும். “அதான் மொபைல்லயே கால்குலேட்டர் இருக்கேடி?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஹார்பர் லைன் ரயிலில் அவளோடு போவதற்கு நடந்தே போய்விடலாம். “பாத்தியா, கடைசியா ஏறுனவ வாசல்ல நிக்கா. அவதான் முதல்ல எறங்குவா. இதுதான் என் மிஷின்ல இருக்கிற ஸ்டேக்கு!” என்று நெரிசலில் கத்துவாள். “அரே, சுப் கர் நா!” என்று வாயை மூடச் சொல்லி லேடீஸ் கம்பார்ட்மென்ட்டே திரும்பக் கத்தும். ஒருநாள் முதல் ஆளாக ஏறி, உள்ளே மாட்டி, செம்பூரில் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டேஷன் கோவண்டி வரை போனாள். தியரி சரியாகிவிட்டதென்று அப்படியொரு சந்தோஷம்!

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைக்க அவளுடைய அப்பா வந்தார். தூத்துக்குடிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர். மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போக இரண்டு டிக்கெட்டுடன் விசிட்டர் ரூமில் உட்கார்ந்துவிட்டார். மிஷினுக்கு முகம் செத்துவிட்டது.

“எங்கட்டி மிஷினு?”

“இதுக்குள்ள இருக்குப்பா.”

அவர் லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். “பெல்ட்டு எங்க?”

மெஸ்ஸிலிருந்து ஒரு தட்டில் ஐந்து வடை வந்தது. இரண்டை அவர் தின்றார். “மிச்சம் எத்தனைன்னு உன் மிஷினக் கேளு. சரியாச் சொல்லிட்டுன்னா நான் மட்டும் போறேன். இல்லன்னா பெட்டியக் கட்டு.”

அவள் ஐந்தை ஏற்றினாள். அதன்மேல் இரண்டை ஏற்றினாள். கழிக்கச் சொன்னாள். மிஷின் சொன்ன விடை, மைனஸ் மூன்று.

“அப்ப நான் மூணு வடை குடுக்கணுமோ?” என்றார் அப்பா. மெஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

இவள் அழப்போகிறாள் என்று பார்த்தால், கண் பளபளக்கிறது! “மேல இருக்கிற ரெண்டத்தான முதல்ல எடுக்கும்? அதுல இருந்து அஞ்சக் கழிச்சிருக்கு! தலைகீழாப் போட்டுட்டேன். அப்ப வகுத்தலும் தப்பாத்தான் இருக்கும்!” என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். அப்பா, டிக்கெட், வடை எதுவும் ஞாபகமில்லை. ரயிலுக்கு நேரமாச்சுடி என்று நான் உலுக்கியும் அசையவில்லை.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய் ஊரிலிருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“இல்லட்டி, பிள்ள வரல. மிஷினு ரிப்பேரா கெடக்கு. ஆமா, பிரிச்சுப் போட்டுருக்கா. பாதியில விட்டுட்டு எப்படி வருவா?”

ரிக்‌ஷா வரை அவருடைய பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். “நேரத்துக்குச் சாப்பிட வையிம்மா” என்றார். தலையாட்டினேன். அவள் போயிருந்தால் அந்த ரூமில் எனக்கு ஒருநாள்கூட இருப்புக் கொண்டிருக்காது.