மணிக்குரலாரின் முன்பல்

"விசில் உங்க வாயிலேருந்துதான் வருது," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "ரெண்டாம் நடைமேடையில நின்னு நானே காது குளிரக் கேட்டேன். 'சற்று நேரத்தில்'னு ஆரம்பிச்சீங்க. உய்ய்ய்னு ஒரு சத்தம். பக்கத்துல தூங்கிட்டிருந்த நாய் எழுந்து உக்காந்துடுச்சு."

அறிவிப்பாளர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக அந்த ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் மணிக்குரலார். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் "யாரோ ஒரு பயணி" என்பார். கொடுத்தது அவரேதான் என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

ஊரே கேட்கும் அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்து வைக்காத ஒரே ஆள் மணிக்குரலார். அறிவிப்பு அறைக்கு நான்கு பக்கமும் தடித்த கண்ணாடி. ஒலிபெருக்கிச் சத்தம் உள்ளே வந்தால் மைக் ஊளையிடும் என்பதால் கதவிடுக்கில்கூட ரப்பர் அடைத்திருந்தார்கள். தன் குரல் எப்படி இருக்கிறது என்று அவர் நாலு பேரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றுவரை நாலு பேரும் நல்லபடியாகவே சொல்லி வந்தார்கள்.

"உங்க ஓட்டைப் பல்லுதான் காரணம். காத்து அது வழியா ஓடுது," என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மேல்வரிசை முன்பல் ஒன்று போய் ஆறு வருடமாகிறது. மச்சினியின் கல்யாண வீட்டில், சோடா மூடியைப் பல்லால் திறக்கிறேன் பார் என்று புது மாப்பிள்ளையிடம் வீரம் காட்டியதில் மூடியும் வந்தது, பல்லும் வந்தது. அந்த மாப்பிள்ளைதான் இப்போது அவருடைய சகலை. பக்கத்து ஸ்டேஷனில் அவரும் அறிவிப்பாளர். வினை அங்கேதான் இருந்தது.

இனி எல்லா நிலையங்களிலும் இயந்திரம்தான் அறிவிக்கப்போகிறது. அதில் பதிவாகப்போவது ஒரே ஒரு குரல். மணிக்குரலாரா, சகலையா என்று முடிவு செய்ய மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து குழு வருகிறது. அதற்காகவே இரண்டு ஸ்டேஷனுக்கும் ஆளுக்கொரு புது மைக் அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக் கழுத்தும் வழுவழுத் தலையுமாக இருந்த தன் மைக்கை மணிக்குரலார் தினமும் காலையில் கைக்குட்டையால் துடைத்து, ஒரு முறை பெருமையோடு பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பதிவில் தன் குரல் வந்துவிட்டால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வண்டிகளெல்லாம் தன் பேச்சைக் கேட்டுத்தான் ஓடும். அந்த நினைப்பே அவருக்கு இனித்தது. சகலையின் குரலைக் கேட்டுக்கொண்டு தான் ரயிலுக்குக் காத்திருப்பதை நினைத்தாலோ, மைக்கை இன்னொரு தடவை அழுத்தித் துடைப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் எதிரே நின்றார்.

"சாயங்காலம் சட்டையைச் சலவைக்குப் போடு."

"நேத்தே போட்டாச்சே."

"அதில்ல. விசில் வருதா, பாரு. சாயங்காலம் சட்டையை..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. எப்பவும் போலத்தான் இருக்கு."

இருபது வருடம் கூடக் குடித்தனம் பண்ணியவள் வேறென்ன சொல்வாள் என்று நெகிழ்ந்துபோனார். மறுநாளே பல் டாக்டரம்மாவிடம் போனார்.

"காலி இடத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லை லேசா அராவி, அதுமேல உறை மாட்டி, நடுவுல புதுப் பல்லைத் தொங்க விடணும். ஆத்துக்குப் பாலம் கட்டற மாதிரி," என்றார் டாக்டரம்மா.

"அந்த ரெண்டும் நல்ல பல்லுங்களே டாக்டர்?"

"நல்லதா இருந்தாத்தானே பாரம் தாங்கும்?"

பிறகு டாக்டரம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மூன்று மாதிரிப் பற்கள். முன்னால் பார்த்தால் மூன்றும் அச்சாக ஒன்றே. வித்தியாசமெல்லாம் அடியில். முதலாவது, குதிரைமேல் சேணம் போல ஈறின்மேல் கவிந்து உட்காரும். இரண்டாவது, ஈறைத் தொடாமல் கொஞ்சம் விலகி நிற்கும். மூன்றாவதன் அடி முட்டை போல உருண்டையாக இருந்தது. அது ஈறுக்குள் மெத்தென்று அழுந்தி, அங்கேயே முளைத்ததுபோல் நிற்குமாம்.

"உங்களுக்கு மூணாவதுதான் பொருத்தம். ஆனா ஈறு அதுக்குப் பழகணும், அவசரப்படக் கூடாது. முதல்ல பிளாஸ்டிக்ல தற்காலிகமா ஒண்ணு போட்டுப் பார்ப்போம்."

அவசரப்படக் கூடாது என்ற சொல் மணிக்குரலாருக்குப் பிடிக்கவில்லை. "காத்து புகாம நல்லா மூடுறது எது?" என்று கேட்டார்.

"மூடுறதுன்னா முதலாவது."

"அதையே போடுங்க."

இரண்டு நல்ல பற்களை அராவி, முதல் மாதிரியை மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்த மணிக்குரலாருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வீட்டில் மனைவி கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவருக்கு ஒரே குஷி.

அந்தக் குஷி மறுநாள் காலை முதல் வண்டி வரும்வரைதான் நீடித்தது.

"விசில் அப்படியே இருக்கு. போதாக்குறைக்கு இப்ப பேச்சும் குழறுது," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "நடைமேடைன்னு சொல்றீங்களா, நடைமேதைன்னு சொல்றீங்களா?"

புதுப் பல்லின் பின்புறம் தடித்திருந்தது. நாக்கு போகிற இடமெல்லாம் இடித்தது. மணிக்குரலார் யோசித்தார். அடைத்து வைத்தால்தானே காற்று பீறிடும்? தாராளமாக வழி விட்டால் பேசாமல் போய்விடும் அல்லவா? நேரே டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"ரெண்டாவதைப் போடுங்க டாக்டர்."

"அது கடைவாய்க்குப் போடறது. சுத்தம் பண்ண சுலபம், அவ்வளவுதான். முன்பல்லுக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேனே!"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு அதையும் செய்து கொடுத்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சன்னல் திறந்தாற்போல் இருந்தது. தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குப் போயிற்று. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. பலனைக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் மைக்கோடு மைக்காக ஒட்டிக்கொண்டு, "பயணிகள் சற்றே..." என்று தொடங்கினார்.

நிலையமே கிடுகிடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுவதை அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். பாதித் தேநீரில் கோப்பையை வைத்துவிட்டு ஒருவர் ஓடினார். வழியனுப்ப வந்த ஒரு மாமியாரையும் கூட்டம் வண்டிக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மருமகள் வெளியே நின்று, அவ்வளவு அவசரமில்லாமல் கையசைத்தாள்.

கண்ணாடிக் கதவை உடைத்துவிடுவதுபோல் தட்டிக்கொண்டு கார்டு வந்தார். கையில் பச்சைக்கொடி, கழுத்தில் விசில், முகம் சிவப்பு.

"வண்டி கிளம்ப இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. நான் ஊதறதுக்கு முன்னாடி யாருய்யா ஊதறது?"

"ஊதலீங்க. பேசினேன்."

"இது பேச்சா? என் விசிலைவிட உங்க பேச்சுக்கு வேகமா ஏறுறாங்க. என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்காதீங்க!"

மணிக்குரலாருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று வீட்டில் மனைவி வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. சின்ன மாப்பிள்ளை வேலைக்கு லீவு போட்டுட்டு ஒரு வாரமா வாயே திறக்கறதில்லையாம். கஞ்சியும் மோருமாத்தான் உள்ள போகுதாம். ஏதாவது கேட்டா காகிதத்துல எழுதிக் காட்டறாராம்."

மணிக்குரலார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "குரலைப் பாதுகாக்கறான்! பெரிய பாடகருங்கதான் அப்படிப் பண்ணுவாங்க. நான் இங்க பல்லோட மல்லுக்கட்டறேன், அவன் அங்க தவம் இருக்கான். போச்சு, எல்லாம் போச்சு."

"எல்லாம் சரியாப் போயிடும்ங்க. எனக்கு இன்னும் எந்த விசிலும் கேக்கலை."

"உனக்கு என்மேல பிரியம், அதான்."

"பிரியம் வேற, காது வேற," என்றாள் மனைவி. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

புதன்கிழமை மூன்றாவது மாதிரி ஏறியது. அது உண்மையிலேயே அருமையான பல். நாக்கு இடிக்கவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை, பேச்சு குழறவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலை ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று, உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மணிக்குரலார் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். விசில் வருவது 'ச' என்ற எழுத்தில்தானே? அந்த எழுத்தே இல்லாமல் பேசிவிட்டால்? எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். 'சற்று நேரத்தில்' போயிற்று. 'எக்ஸ்பிரஸ்' என்பதிலும் அதே சத்தம், அதுவும் போயிற்று. 'செல்லும்', 'சேரும்' எல்லாம் போயின. கடைசியில் ஒன்றுதான் மிச்சம். குழுவின் முன்னால் அறிவிக்க வேண்டிய வண்டி போகிற ஊரின் பெயரே அதே எழுத்தில்தான் தொடங்கியது. அதைத் தட்டிக் கழிக்க அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தார்.

குழுவில் மூன்று பேர். இரண்டாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். தலைவியான அம்மாள் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மணிக்குரலார் கைக்குட்டையால் மைக்கைத் துடைத்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார். பிறகு பேசினார்.

"பயணிகள் கவனத்திற்கு. விரைவு வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வருகிறது. அது வழக்கமாக எங்கே போகுமோ அங்கேயே போகும். முதலில் இறங்குபவர்கள் இறங்கட்டும். பிறகு ஏறுபவர்கள் ஏறலாம். நன்றி."

வண்டி வந்தது, ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். தலைவி எழுந்து நேராகக் கண்ணாடி அறைக்கு வந்தார். மணிக்குரலார் ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தார்.

"இருபது வருஷமா அறிவிப்பு கேக்கறேன். இப்படி ஒரு அறிவிப்பைக் கேட்டதே இல்லை," என்றார் அந்த அம்மாள். "வளவளன்னு ஒண்ணுமில்லை. ஒரு வார்த்தைகூட அதிகம் கிடையாது. ஜனங்க உங்க பேச்சைக் கேட்டு இறங்கவிட்டு ஏறினாங்க, கவனிச்சீங்களா? எங்கே போகுமோ அங்கேயே போகும்னு சொன்னதும் ஒரு பெரியவர் சிரிச்சுட்டார். உங்க குரல்தான்."

"பக்கத்து ஸ்டேஷன்ல..." என்று இழுத்தார் மணிக்குரலார்.

"அங்கே அறிவிப்பாளர் வரவே இல்லை. உடம்பு முடியலைன்னு எழுதிக் கொடுத்துட்டார். அடுத்த வாரம் நீங்க பதிவுக்கு வந்துடுங்க. நூத்திப் பத்து ஊர்ப் பேரையும் சொல்லணும்."

மணிக்குரலாருக்குத் தரையில் கால் பாவவில்லை. மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் அழுதாள், இவரும் அழுதார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கட்டிக்கொண்டார். கார்டுகூடப் பச்சைக்கொடியை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினார். கண்ணாடியில் தெரிந்த தன் புதுச் சிரிப்பைப் பார்த்து, அவர் தனக்குத்தானே ஒரு தடவை சிரித்தும் கொண்டார்.

எல்லாரும் போன பிறகுதான் அந்த நூற்றிப் பத்து ஊர் நினைவுக்கு வந்தது. பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தார். 'ச'வில் தொடங்குபவை மட்டும் பதினேழு. பதினேழு ஊரையும் 'வழக்கமாக எங்கே போகுமோ அங்கே' என்று சொன்னால் ஜனங்கள் அடிக்க வரமாட்டார்களா? நான்காவது மாதிரி ஏதாவது இருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்கப் போனைக் கையில் எடுத்தார்.

அப்போது நரைத்த மீசை எலெக்ட்ரீஷியன் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். அதிலிருந்து முட்டை அளவில் கறுப்பாக ஒரு பஞ்சு உறையை எடுத்து, வழுவழுவென்றிருந்த புது மைக்கின் தலையில் தொப்பி போல மாட்டினார்.

"இது எதுக்குப்பா?" என்றார் மணிக்குரலார்.

"புது மைக்கோட இதையும் அனுப்ப மறந்துட்டாங்களாம் சார். இது இல்லாம 'ச'ன்னு சொன்னா எவ்வளவு நல்ல பல்லா இருந்தாலும் மைக்கு விசிலடிக்கும். பக்கத்து ஸ்டேஷனுக்கும் ஒண்ணு மாட்டிட்டுத்தான் வரேன், அங்கதான் கொடுமை, விசில் வருதேன்னு அந்த மனுஷன் போன வாரமே முன்பல்லு நாலையும் பிடுங்கிப்போட்டுட்டாராம்!"