இருபத்திரண்டு ஏசுபாதங்கள்

கல்பாக்கம்,
14.6.2008

மரியாதைக்குரிய மச்சான் ஆபிரகாம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஏசுபாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், எனக்கு மட்டும் மனசு சரியில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீங்கள் கூடுவாஞ்சேரியில் பஸ் ஏறி வந்து, உங்கள் தங்கை சந்திரம்மாவுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயசில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம்!

எல்லாம் நம்ம பொண்ணு ஜெஸ்ஸியின் வேலையால் வந்தது. கேளம்பாக்கத்தில் அவள் கம்பெனியில், கம்ப்யூட்டருக்குள்ளேயே எலும்பும் சதையுமாக ஓர் உடம்பைச் செய்து, காரில் உட்கார வைத்து, மோதவிட்டு, எங்கே அடிபடுகிறது என்று பார்க்கிறார்கள். இத்தனை நாளும் உள்ளே இருந்தது ஆம்பளை உடம்பு. பொம்பளை வேண்டுமென்றால் அதே ஆளைச் சுருக்கிவிடுவார்களாம். அது தப்பு, பொம்பளைக்கு இடுப்பு வேறு, கழுத்து வேறு என்று ரெண்டு வருஷமாகப் போராடி, நிஜப் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று அளவெடுக்க அனுமதி வாங்கினாள் பிள்ளை. ஆட்களை நான் கூட்டிவருகிறேன் என்று வாய்விட்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில் இருபத்திரண்டு பேரைச் சேர்த்தேன். முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் பஸ் ஓட்டியவன், ஒரு கீறல் கிடையாது, சும்மா கூட்டிக்கொண்டு போவேனா? சர்ச் வாசலில் நாற்காலி போட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். முதுகு நேரா, காலை அகட்டி, கை விறைப்பா, தலையில் பூ கூடாது, வயிறு உள்ளே. அளவெடுக்கும் அன்று காசியம்மாள் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்ததில் மூச்சு முட்டி, சோடா வாங்கிக் கொடுத்துத்தான் எழுப்பினோம். அப்போதும் முதுகு வளையவில்லை. எனக்கு என்ன பெருமை தெரியுமா!

சாயங்காலம் ஜெஸ்ஸி அழுதுகொண்டே வந்தாள்.

"இன்னாப்பா பண்ண நீ? இருபத்திரண்டு பேரும் உன்ன மாதிரியே குந்திகினு கீறாங்க! கம்ப்யூட்டர் முழுக்க நீதான் பொடவ கட்டிகினு கீற!"

வெள்ளிக்கிழமைக்குள் சரியான அளவு வராவிட்டால் பழைய ஆளையே சுருக்கி முடித்துவிடலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். உங்கள் தங்கை எழுந்தாள். "நீ வூட்லயே கெட. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வேன் பிடித்து, அத்தனை பேரையும் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலையில் நனையவிட்டு, மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, சிரிப்பும் கூச்சலுமாக அப்படியே கேளம்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினாள். கொண்டையும் பூவும் மடியில் பையுமாக அவரவர் இஷ்டத்துக்குக் குந்தினார்கள். அப்போதுதான் உண்மை வந்தது, மச்சான். கால் எட்டாமல் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்கிறார்கள். கொண்டை தடுப்பதால் தலை பின்திண்டில் படுவதே இல்லை. பெல்ட் கழுத்தை அறுப்பதால் கக்கத்துக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். மேலதிகாரி, பெண் உடம்பைத் தனியாகவே செய் என்று கையெழுத்துப் போட்டாராம். ஜெஸ்ஸி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இந்தக் கழுத்துச் சங்கதியை நான் கார் வாங்கின நாளிலிருந்து ஒன்பது வருஷமாக உங்கள் தங்கை சொல்லிக்கினே இருந்தா. "பெல்ட் சரியாத்தான் கீது, நீ ஒழுங்கா குந்து"ன்னு நான்தான் அவளைத் திட்டிக்கினு இருந்தேன். அநியாயம்தான், ஒத்துக்கறேன். "இனிமே நானே ஓட்டறேன்"னு இப்போ நிக்கிறா, அதுக்காக ஸ்டியரிங்கைக் கொடுக்க முடியுமா? என் உசிரு இருக்கிற வரை முடியாது. வந்து கண்டிச்சுட்டுப் போங்க.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகளைக் கர்த்தர் நூறு வருஷம் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஏசுபாதம்

பி.கு.: எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்க வேண்டாம். தபால் பெட்டிக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறோம். ஓட்டுவது உங்கள் தங்கை. பரவாயில்லை, நல்லாவே ஓட்டுகிறாள், எனக்குத் தெரியாமல் ஜெஸ்ஸி ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஞாயிறன்று பஸ் ஏறாதீர்கள், அவளே கூடுவாஞ்சேரி வந்து கூட்டிவருவாளாம். பக்கத்து சீட்டில் நான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மச்சான், பெல்ட் போடுவது எனக்கு இன்றுதான் முதல் தடவை. தொப்பையைச் சுற்றி வரவே மாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் மகளிடம் சொல்கிறாள்: "ஜெஸ்ஸி, அடுத்து இந்த ஆள கம்ப்யூட்டர்ல ஏத்துடி. கொஞ்சம் சுருக்கி ஏத்து."