ஓடும்போதே செருகும் கார்டு

"செருகப் போறேன்!" என்று கத்திவிட்டு அவள் கார்டை உள்ளே தள்ளினாள். ஓடிக்கொண்டிருந்த பெட்டி மூன்றாவது முறையாக உயிரை விட்டது. சில நொடிகளில், ஒன்றுமே நடக்காததுபோல் தானாகவே விழித்துக்கொண்டது.

"போச்சு! மறுபடி படுத்துடுச்சு!" பக்கத்து அறையில் லேப்டாப்பில் பெட்டியைக் கண்காணித்துக்கொண்டிருந்த கணவன் குரல் கொடுத்தான்.

"தெரியுது. ஒப்பாரி வைக்காதீங்க."

மருத்துவமனைகளுக்கான கம்ப்யூட்டர் பெட்டி. அதை அணைக்காமலேயே பழுதான கார்டை உருவி, புதியதைச் செருக முடிய வேண்டும். நான்கு மணிக்கு வீடியோவில் மேனேஜருக்குச் செய்துகாட்டாவிட்டால், அவளுடைய இரண்டு வருட உழைப்பு வேறு குழுவின் கைக்குப் போய்விடும்.

ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கியது. அவள் கண்களை மூடினாள். மின்சாரம் ஒரு தூங்கும் குழந்தை. உலுக்கி எழுப்பினால் ஊரைக் கூட்டும். முதுகைத் தடவி எழுப்பினால் சிரிக்கும். கார்டு ஒரே மடக்கில் கரண்டைக் குடிப்பதுதான் கோளாறு என்று முடிவுகட்டி, மெதுவாக ஏறும்படி மாற்றினாள்.

"செருகப் போறேன்!"

அணைந்தது.

"கையைப் பாத்தும்மா!" என்றார் கூடத்திலிருந்து மாமனார்.

"எழுப்பற வரிசை தப்போ என்னவோ," என்றான் கணவன்.

சின்ன வோல்டேஜை முதலில் எழுப்பி, பெரியதைப் பின்னால் தள்ளினாள். "செருகப் போறேன்!" அணைந்தது. விழித்த பிறகு, கார்டு யாரென்றே பெட்டிக்குத் தெரியவில்லை.

வரிசையைப் பழையபடி வைத்து, கரண்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "செருகப் போறேன்!" அணைந்தது. இம்முறை பெட்டி விழித்ததும், கரண்டை இழுத்துப் பிடித்திருந்த டிரான்சிஸ்டர் சூடு தாங்காமல் புகைந்தது.

"எழுப்பச் சொன்னா தாலாட்டு பாடியிருக்கே!" என்றான் கணவன்.

"வாயை மூடுங்க!" அவள் கருகிய கார்டை ஓரமாக எறிந்தாள்.

மணி நான்கு. கையில், எந்த மாற்றமும் செய்யாத கடைசிக் கார்டு. திரையில் மேனேஜரின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. அவர் எதிரில் கத்தவா முடியும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்டை மெல்லத் தள்ளினாள்.

பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்விழித்தன. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"பிரமாதம்! எப்படிச் சரி பண்ணினீங்க?"

"எல்லாம் டைமிங்தான் சார்," என்றாள், கனவில் பேசுகிறவளைப்போல.

அழைப்பு முடிந்ததும் மாமனார் படபடப்போடு உள்ளே வந்தார்.

"ஏம்மா, உயிரோட விளையாடறியா? காலையிலேர்ந்து நீ கத்தறப்பெல்லாம் நான்தானே ஓடிப்போய் இந்த ரூம் பிளக் மெயினை அணைச்சு அணைச்சுப் போடறேன், இந்தத் தடவை மட்டும் சொல்லாம செருகிட்டியே!"